ரூபனை நீக்கப் போன காலை

பிரான்சில் பேஸ்போல் ஆடிப் பிழைத்தேன் என்றால் நம்மவர்கள் நம்புவதில்லை. ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு ஊர் அணிக்கு ஆடினேன். எவரும் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. முழங்கால் விட்டுப்போன பிறகு சென் தெனி என்ற ஊரில் ஒரு சிறிய அணிக்குப் பயிற்சியாளரானேன்.

இந்த வசந்தத்தில், பந்து எறியும் ரூபனை அணியிலிருந்து நீக்க வேண்டி வந்தது. அவனது எறியில் வேகம் குறைந்துவிட்டது. என்னை நீக்கியவர்கள் எல்லாரும் தொலைபேசியில் ஒரு வரி அனுப்பி முடித்தார்கள். நான் நேரில் சொல்ல நினைத்து, அவன் வேலை செய்யும் ரூ பெர்தொனே தெருவிலுள்ள மரக்கறிக் கடைக்குப் போனேன். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தபடி நடந்தேன்.

ரூபன் கத்தரிக்காய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ரூபன், இந்தமுறை உன்னை ரீமிலை எடுக்கேல்லை," என்றேன்.

அவன் கண் கலங்கியது. அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"உண்மையாவோ அண்ணை?"

"ஓம்."

"அப்பாடா! தோள்மூட்டு மாசக்கணக்கா நோகுது. எறியவேண்டாமெண்டு டொக்டரும் சொன்னவர். நீங்கள் நம்பி எடுத்தனீங்கள், எப்பிடி விட்டிட்டுப் போறதெண்டு பேசாமல் இருந்தனான்."

"அடேய், முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீங்களும் கேட்டிருக்கலாமே அண்ணை."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். கடை முதலாளி எட்டிப் பார்த்தார். நெஞ்சிலிருந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

ஆனால் அவன் சொன்னது சரி. எறியின் வேகத்தைக் கவனித்த நான் அவனது தோளைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு பயிற்சியையும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறேன்: "ஆருக்காவது எங்கையாவது நோகுதோ?"