முயல் புல்லைத் தொடவில்லை

காலையில் மகளின் முயல் அருகம்புல்லை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. “பசிச்சா தானா துன்னும், வுடு” என்றார் அப்பா. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

சிறுவயதில் நானும் வெள்ளச்சி என்றொரு முயல் வளர்த்தேன். பீங்கான் சூளைப் புகை வந்து படியும் எங்கள் விருத்தாசலம் வீட்டுக் கொல்லையில், அதுவும் ஒருநாள் இப்படித்தான் புல்லை ஒதுக்கியது. வாயோரம் எச்சில் ஒழுகியது. “ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போலாம்பா” என்று கெஞ்சினேன். களிமண் அப்பிய சட்டையைக் கழற்றியபடி அப்பா இதையேதான் சொன்னார். மறுநாள் அது விறைத்துக் கிடந்தது. அழுததற்கு எனக்கு அடியும் விழுந்தது.

“அன்னிக்கும் இதத்தாம்பா சொன்னீங்க. வெள்ளச்சி செத்துப் போச்சு!” என்று கத்தினேன்.

“யாரு வெள்ளச்சி?” என்றார் அப்பா.

முயலைக் கூடையில் வைத்து, மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.