ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டி

ஜோதியின் கணவர் முருகானந்தத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜோதியும் நானும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர்கள். அவளுடைய அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை அது. இந்தப் பெண் ஒரு மாதம் தாங்குமா என்று கேலி பேசியவர்கள், இப்போது தங்கள் வேலையில் விரிசல் கண்டால் அவளைத்தான் தேடி வருகிறார்கள்.

முப்பத்து நாலாவது வயதில் அவள் வயிறே அவளுக்குத் துரோகம் செய்தது. ஒரு ஷிப்டில் ஏழெட்டு முறை கழிவறைக்கு ஓடினாள். போனால் ரத்தம். மூலம் என்று நினைத்து ஆறு மாதம் வீணாக்கிய பிறகு, ஸ்ரீரங்கத்தில் மாலையில் பார்க்கும் குடல் டாக்டர் லக்ஷ்மிகாந்திடம் நான்தான் கூட்டிப்போனேன். முருகானந்தத்துக்கு அன்று டியூட்டி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலில் கோடி கோடியாக பாக்டீரியா சின்ன வயதிலிருந்தே குடியிருக்கிறது. நாம் தின்றதன் மிச்சத்தைத் தின்று நமக்கும் உதவுகிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை ஒன்றும் செய்வதில்லை. ஜோதிக்கு மட்டும் அந்தப் பொறுமை கெட்டுவிட்டது.

"ஒர்க்‌ஷாப் கேட்ல செக்யூரிட்டி, தினம் பாக்கற ஆளுங்களையே திருடன்னு அடிச்சா எப்படி? அந்த அடியில கேட்டும் சேர்ந்து உடையுது. உங்க குடல்ல நடக்கறது அதுதான்" என்றார்.

ஆகவே எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கத் தினமும் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. பலன் தெரிய மூன்று மாதமாகும். எந்த மருந்துக்கும் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றில் பை பொருத்த வேண்டிவரலாம். பையோடு வெல்டிங் பண்ண முடியுமா என்று மட்டும் ஜோதி கேட்டாள். கனம் தூக்கும் வேலை சந்தேகம்தான் என்றார்.

முருகானந்தம் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. கொரோனாவில் அண்ணன் வீரமலையைப் பறிகொடுத்தவர். அதிலிருந்து வீட்டில் கபசுரக் குடிநீரும் நெல்லிக்காயும்தான். எதிர்ப்பு சக்தி என்று எழுதியிருந்தால் செங்கல் பொடியையும் வாங்குவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஞாயிறுதோறும் ஏழு அறை வைத்த பெட்டியில் ஜோதியின் மாத்திரைகளை அவர்தான் அடுக்குவார். எனக்குக் கிடைத்திருப்பது புருஷன் இல்லை, நர்ஸ் என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள்.

மூன்று மாதம் போனது. ரத்தம் நிற்கவில்லை. பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், மருந்து உள்ளே போனால் தெரியவேண்டிய மாற்றம் தெரியவில்லையே, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பக்கத்தில் முருகானந்தமும் இருந்தார். ஜோதி பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். மாத்திரை இரண்டானது. திரும்பும்போது அவர் டியூட்டிக்குப் போய்விட, நானும் ஜோதியும் பஸ் ஏறினோம். காவிரிப் பாலத்தில், மறைக்காமல் சொல்லுடி என்று நானும் கேட்டுத் தொலைத்தேன். பொன்மலை வரும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது மாதம் எழுந்து நிற்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மருந்துகளைக் குறித்துக்கொள்ள வந்த நர்ஸ் மேகனா பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மஞ்சள் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சத்து மாத்திரை ஆச்சே. உங்க மருந்து எங்க?"

ஜோதி கணவரைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை.

"ஃபோன்ல போட்டுப் பாத்தேன். எதிர்ப்பு சக்தியக் கொறைக்கும்னு வந்துச்சு. அண்ணன் மாதிரி ஒனக்கும் ஆயிடக் கூடாதுன்னுதான், அதே கலர்ல வாங்கி மாத்தி வச்சேன்."

ஜோதி கத்தவில்லை. "டாக்டர் நான் பொய் சொல்றேன்னு நெனச்சாரு. இந்த அக்காவும் நெனச்சாங்க. நான் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணும்போது நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

அவர் அழுதார். எனக்கு ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது. ஆனால் அவளை நம்பாதவர்களின் கணக்கில் நானும் இருந்தேன்.

ஆபரேஷனை நிறுத்தி வைத்தார்கள். ஊசியும் சரியான மாத்திரையும் உள்ளே போனபின் மெல்ல மெல்லப் புண் ஆறியது. குடல் தப்பியது, வேலையும் தப்பியது. இப்போது பெட்டியை அவளே அடுக்குகிறாள். அட்டையில் இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே பிரிக்கிறாள். முருகானந்தம் ஷிப்டை மாற்றிக்கொண்டு, காலையில் அவளுக்குக் காரமில்லாமல் தனியாகச் சமைத்து டப்பாவில் கட்டிக் கொடுக்கிறார்.

அந்த டப்பாவை அவள் தொடுவதில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், இன்னும் எத்தனை நாளைக்கடி என்று கேட்டேன்.

"கூடவே இருக்கறவங்க யாருன்னு என் கொடலுக்குத் தெரியலன்னு டாக்டர் சொன்னாருல்லக்கா? எனக்கு நல்லாத் தெரியுது. தெரிஞ்சும் கை போக மாட்டேங்குது."

டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, கேன்டீனுக்கு இட்லி வாங்கப் போனாள்.