கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரம்

நேசக்குமாருக்குச் சாயங்கால ஷிப்ட் என்றால் ஆகாது. சாயங்காலம்தான் ஜெனிலா பேசுவாள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். அவன் மனைவி ஜெனிலா பிசியோதெரபி படித்தவள். பக்கவாதத்தில் விழுந்த கை மறுபடி அசையத் தொடங்கும்போது மூளையில் என்ன மாறுகிறது என்று, ஸ்கேன் படங்களை வைத்து ஸ்காட்லாந்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நாசரேத்தில் கல்யாணம் முடிந்த வருஷமே அந்த இடம் கிடைத்தது. போகச் சொன்னதே அவன்தான்.

அங்கே மத்தியானமாகும்போது இங்கே பொழுது சாய்ந்துவிடும். ஒரு நோயாளியின் படங்களை மென்பொருளில் ஏற்றி, கணக்கை ஓடவிட்டு அவனைக் கூப்பிடுவாள். கணக்கு ஆமையாக நகரும்; அது முடிகிற மட்டும் அவளுக்கு வேறு வேலை கிடையாது. அவன் உப்பளத்து ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் அம்மாவின் முட்டுவலி, அங்கத்திய குளிர், பக்கத்து வீட்டுப் பூனை. பேச்சு தீர்ந்த பிறகும் யாரும் போனை வைக்கமாட்டார்கள்.

ஒருநாள் அழுதுவிட்டாள். படங்கள் மலைபோலக் கிடக்கின்றன, பேராசிரியர் முகம் கொடுத்தே பேசவில்லை என்றாள்.

“இப்பிடியே போனா இந்தக் கிறிஸ்மஸுக்கும் வர முடியாது அத்தான்.”

அவள் கம்ப்யூட்டரின் திரையை அவன் இன்டர்நெட் வழியாக இங்கிருந்தே திறந்து பார்த்தான். கம்ப்யூட்டரில் மெமரிக்குக் குறைவில்லை. ஆனால் மென்பொருள் அதில் ஒரு சிட்டிகைதான் எடுத்துக்கொண்டது. சின்ன மெஷின்கள் இருந்த காலத்தில் போட்ட அளவு, யாரும் மாற்றவில்லை. அதனால் படத்தைத் துண்டு துண்டாக டிஸ்க்கிலிருந்து வாசித்து, நடுவில் வரும் விடைகளை டிஸ்க்கிலேயே எழுதி, திரும்ப வாசித்து நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த அளவை உயர்த்தினான். ஆசைப்பட்டு முழு மெமரியையும் தூக்கிக் கொடுத்ததில் மெஷின் உறைந்து, அன்றைய வேலை வீண். மறுநாள் மற்ற வேலைகளுக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டு, அந்த நடுவிடைகளை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும்படி மாற்றினான். ஏற்கெனவே முடித்த ஒரு நோயாளியின் படங்களை அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். விடை அச்சுப் பிசகாமல் வந்தது.

அவன் டீ குடித்து முடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. மாசக்கணக்கில் கேட்காத சிரிப்பு அவளிடமிருந்து வந்தது.

“முடிஞ்சிட்டு அத்தான். அடுத்ததைப் போடுதேன்” என்று போனை வைத்தாள்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள்; அவன் பதில் முடியுமுன் அடுத்த படம் காத்திருக்கும். பைக் மட்டும் பழக்கத்தில் உப்பளத்துப் பக்கம் நிற்கும். நிலக்கரி லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும். அவள்மேல் அவனுக்கு வருத்தமில்லை. அந்த ஆமைக் கணக்கை நினைத்துத்தான் ஏங்கினான்.

வேலை ஓடுகிற வேகத்தைப் பார்த்து, பேராசிரியர் இன்னொரு ஆஸ்பத்திரியின் படங்களையும் அவளிடமே கொடுத்தார். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிறிஸ்மஸ் போயிற்று என்று இருவருக்கும் விளங்கியது.

“வேகமா ஓடினா நீ சீக்கிரம் வந்துருவேன்னு நெனச்சேன்” என்றான்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.”

ஈஸ்டர் கழித்து லீவு கேட்டு வாங்கிவிட்டதாகப் போன வாரம் சொன்னாள். மூன்றே வாரம். போதாதுதான். அவன் மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டான். அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலி செய்தான். இப்பவே என்னலே அவசரம் என்று அம்மா கேட்டாள். சும்மாதான் என்றான்.