முதல் குடம் பிடித்த பெண்

காலை 6.40. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோடு பஸ் ஏறினேன். சங்ககிரி வழியாக ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் நாற்பது ரூபாய். மலைக்கோயிலுக்குப் போகவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு நடத்தியவன் நான். மார்க்குக்காகப் படித்து, பரீட்சை முடிந்த அன்றே பிள்ளைகள் மறந்துவிடும் பாடம். அதை நம்பி ஒரு பெண் எனக்குப் போன் செய்திருந்தார். பெயர் கவிதா. ஆப்பிரிக்காவுக்கு ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடப் போன அவருடைய கணவர் செந்திலை, மதத்தின் பெயரில் அந்தப் பக்கத்தை ஆளும் ஆயுதக்குழு பிடித்து வைத்திருக்கிறது. ஏழு மாதமாகத் தகவல் இல்லை. இப்போது அங்கிருந்து பிரெஞ்சில் ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது.

"எனக்கு அனுப்பிவிடும்மா, கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"நேர்ல வாங்க சார். தனியாக் கேக்கத் தைரியமில்லீங்க."

7.35. சங்ககிரியில் பக்கத்து இருக்கைக்கு ஒரு ரிக் மெக்கானிக் வந்து உட்கார்ந்தார். போகிற இடத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"செந்திலு ஊடுங்களா? நானும் கூடப் போறதா இருந்தனுங்க. எம்பட சம்சாரம் பாஸ்போர்ட்டைப் பொட்டீல வெச்சுப் பூட்டிப்போட்டா. அன்னைக்கு அவளை வையாத வார்த்தை இல்லீங்க."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

8.20. கவிதாவின் வீட்டு வாசலில் துருப்பிடித்த டிரில் பைப்புகள் கிடந்தன. உள்ளே முருகேசன் இருந்தார். செந்திலோடு போய், தப்பி வந்தவர். நடந்ததை முதலில் அவர் சொன்னால்தான் செய்தி எனக்குப் புரியும் என்று கவிதா அவரை வரச்சொல்லியிருந்தார். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். சஹாராவுக்குத் தெற்கே ஓர் எல்லையோரக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே அந்தக் குழு வந்ததும் பள்ளிக்கூடத்தை மூடியது. வாத்தியார் மூசா வேலையிழந்து, போர் போட வந்த செந்திலுக்கும் முருகேசனுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆனார். கல்யாணத்தில்கூடப் பாட்டு கூடாது, வெளி ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் நிற்கக் கூடாது, வீட்டுக்கு இரண்டு ஆடு கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் ஊரே ஐந்து வேளை தொழுகிற ஊர்.

"எண்ணூறு அடீல தண்ணி பீச்சுச்சுங்க" என்றார் முருகேசன். "மூசா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. செந்திலுக்குச் சந்தோசத்துல எல்லாம் மறந்துபோச்சு. செவுத்துக்குப் பின்னால நின்ன பொம்பளைகளைப் பார்த்துக் கையாட்டி, கொடத்தைக் கொண்டாங்கன்னு கூப்புட்டுப்போட்டான்."

போரில் தண்ணீர் வந்தால் முதல் குடத்தை ஒரு பெண் பிடிக்க வேண்டும். இங்கே செந்தில் போட்ட போர் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். ஒரு பெண் மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வந்தாள். செந்திலே அதைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். ஊரே கைதட்டியது.

சாயங்காலம் குழுவின் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. முருகேசனைப் பள்ளிவாசல் இமாம் தானிய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். ரிக் வண்டியைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்ணையும் செந்திலையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நம்மூர்ல எப்பவும் பண்றதுதானுங்களே சார்" என்றார் கவிதா. நான் தலையாட்டினேன்.

9.05. கவிதா செய்தியைப் போட்டார். பேசியது மூசா. நான்கு நிமிடம். நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தமிழில் சொன்னேன்.

மூன்று மாதத்துக்கு முன் செந்திலைப் பார்த்தாராம். உயிரோடு இருந்தார். அந்தப் போருக்குப் பக்கத்தில்தான் இப்போது குழுவின் முகாம். பம்ப் ஓட்ட ஆள் வேண்டும் என்று செந்திலை வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை நம்பி அங்கிருந்து கிளம்பிப் போய்ப் பக்கத்து நாட்டுக் கிராமங்களையும் பிடிக்கிறார்கள். மூசாவின் ஊர் காலி. ஊரார் எல்லை தாண்டி அடைக்கலம் புகுந்த இடத்திலும் போன வாரம் குழு வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. நாளை மூசாவும் ஊராரும் இன்னும் தெற்கே நடக்கப் போகிறார்கள். செந்திலைப் பற்றி விசாரிக்க இனி அங்கே தனக்கு யாரும் இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

கவிதா அழவில்லை. "உசுரோட இருக்காருன்னு சொன்னது மூணு மாசத்துக்கு முந்திங்களா?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன். செந்தில் போட்ட போரே அவரைக் கட்டிப்போட்டிருந்தது.

பிறகு கவிதா கேட்டார். "அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு சொன்னாருங்களா? எங்கூட்டுக்காரரு கூப்புட்டுத்தானே சார் வந்துச்சு."

மூசா சொல்லியிருந்தார். மூன்றாவது நிமிடத்தில், ஒரே வரி. போருக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்துச் சவுக்கால் அடித்தார்கள், அன்றிரவே இறந்துபோனாள்.

"தெரியலைம்மா. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

"எங்கியாச்சும் நல்லா இருக்கோணும் சாமி" என்று கவிதா கையெடுத்துக் கும்பிட்டார். முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிதாவின் போனிலிருந்தே மூசாவுக்கு நான்கு வார்த்தை பிரெஞ்சில் பதில் பேசி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. நான் செருப்பை மாட்டும்போதும் அதே ஒற்றை டிக்தான்.

பகல் 12.15. திரும்பும் பஸ் சங்ககிரிக்கு முன்னால் நின்றுவிட்டது. சாலையோர மனையில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேற்றுத் தண்ணீர் மேலே பீச்சியடித்தது. "அம்மணி, கொடத்தை எடுத்துட்டு ஓடியாங்க!" என்று ரிக் வண்டிக்காரர் கத்தினார். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் குடத்தோடு ஓடி வந்தாள். தலையோடு கால் நனைந்து, நின்ற இடத்தில் சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

என்னால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தெரியாது என்று மறைத்துவிட்டு வந்த அந்த ஒரு வரியைச் சேலம் வரும்வரை பிரெஞ்சிலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை.