பதினான்கு ‘ஹால்’கள்

அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ஒலிக்காரர்’ என்றால் போதும், வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். கைப்பேசியில் இருக்கும் பாட்டைச் சுருக்காமல், கசக்காமல், பதிவான அன்றைய முழுத் தரத்தோடு வீட்டு ஸ்பீக்கரில் கேட்கவைப்பது அவர் தொழில். ஸ்ட்ரீமர் என்ற சின்னப் பெட்டியை ஆம்ப்ளிஃபையரில் மாட்டுவார், வைஃபையில் இணைப்பார், பாட்டுச் செயலியில் உள்ள தன் சொந்தக் கணக்கைப் போட்டு ஒரு பாட்டை ஓடவிட்டுச் சோதிப்பார். பெட்டிக்கு ‘ஹால்’ என்று பெயர் வைத்துவிட்டுப் படியிறங்குவார். எல்லா வீட்டிலும் ‘ஹால்’தான். அவர் வீட்டிலும்.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. “கரண்டு இல்லாம எதுவும் பேசாதுங்க. பேய்னா ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்க” என்பார்.

அதனால்தானோ என்னவோ, நீதிபதி வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி இறந்து எட்டு மாதம். மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டில் பெட்டி மாட்டியவர் இவர்தான். அன்று நீதிபதி கேட்கச் சொன்ன வயலின் பதிவில் சொக்கிப்போய், அதைத் தன் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“தினமும் இல்லப்பா,” என்றாள் நீதிபதியின் மனைவி. “சில நாள், நாலு மணி வாக்குல. அவரோட வயலின்தான். ஆரம்பிக்கும். சத்தம் ஏறும், ஏறும்... அப்புறம் டக்குனு நின்னுடும். கோபம் வந்தா அவர் குரலும் அப்படித்தான்.”

“யாராவது கைப்பேசியில...”

“அவரோட போனை அன்னிக்கே அணைச்சுப் பீரோவுல வெச்சுட்டேன்.”

நீதிபதியின் தம்பி குறுக்கே வந்தார். “அந்த அவசரம் பண்ணின வேலைங்க.”

அவசரம் என்பது வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண். ஒரே கட்டடத்தில் நாலு வீடு, எப்போதும் ஓட்டம்; அதில் வந்த பட்டப்பெயர். ஒருநாள் தரையைத் துடைத்துவிட்டு, இடுப்பு வலிக்கிறதென்று நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்தாளாம். அந்த நிமிடமே பெட்டி அலறியதாம்.

“அண்ணன் நாற்காலியில வேலைக்காரி உட்கார்ந்தா அவருக்குப் பொறுக்குமா? அன்னிக்கே அனுப்பிட்டோம்.”

விஷயம் கட்டடம் முழுக்கப் பரவி மற்ற மூன்று வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. நாற்பது வருடம் சாட்சி கேட்டுத் தீர்ப்புச் சொன்ன மனிதரின் வீட்டில், ஒரு கேள்வி கேட்காமல் ஒருத்தியின் பிழைப்பை முடித்திருந்தார்கள். ஒலிக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “செத்தவருக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்க வாயைத் திறந்தார்.

அப்போது வயலின் ஒலித்தது.

ஹாலில் யார் கையிலும் கைப்பேசி இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. வில் நரம்பில் உரசும் மூச்சுக்கூடக் கேட்டது. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு, கழுத்தைப் பிடித்ததுபோல வயலின் நின்றது.

அவர் குனிந்து பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தார். கணக்கின் பெயர் அதில் இருந்தது. அவருடைய பெயர்.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சோதனை முடிந்ததும் தன் கணக்கை எடுக்க மறந்திருக்கிறார். நீதிபதி இருந்தவரை பெட்டி நீதிபதியின் கணக்கில் பாடியது; அவர் போன் அணைந்தபின் உள்ளே மிச்சமிருந்த பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது. அவர் வீட்டில் மனைவி பாட்டுக் கேட்பதும் அதே கணக்கில்தான். அவளுக்குப் போன் போட்டார்.

“நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க!” என்றாள் அவள். “வேலை முடிஞ்சு வந்து ஒரு பாட்டுக் கேட்கலாம்னா இந்தப் பாழாப்போன ஹால்ல சத்தமே வரல. எவ்வளவு ஏத்தினாலும் ஊமை மாதிரி இருக்கு. லிஸ்டுல எதுக்கு ரெண்டு ஹாலு? ஊருக்கெல்லாம் மாட்டுறீங்க, சொந்த வீட்டுல இந்த லட்சணம்!”

இரண்டு பொத்தானை அழுத்தினால் கணக்கு போய்விடும். ‘ஒயர் லூசுங்க’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தன் கணக்கு அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் குடியிருந்தது என்று தெரிந்தால் இனி எவன் கூப்பிடுவான்? ஆனாலும் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அதே ஹால்ல மறுபடியும் போடு.”

வயலின் எழுந்தது.

“நிறுத்து.”

நின்றது. தம்பி தரையைப் பார்த்தார். நீதிபதியின் மனைவி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப... அவர் வரலையா?”

“இல்லம்மா. நான்தான். என் தப்பு” என்றபடி பெட்டியிலிருந்து தன் கணக்கை எடுத்தார்.

அவசரம் அட்டைப்பெட்டி ஒட்டும் கொட்டகையில் இருந்தாள். ஒலிக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் கை வேலையை நிறுத்தவில்லை.

“பேய் இல்லன்னு ஆயிடுச்சு, சரி. நான் நாற்காலியில உட்கார்ந்தேனே சார், அதுக்கு என்ன சொல்றாங்க?”

ஒலிக்காரர் நீதிபதி வீட்டுக்குத் திரும்பிப் போய் அதே கேள்வியை ஹாலில் வைத்தார். தம்பி முணுமுணுத்தார். நீதிபதியின் மனைவி எழுந்து, தன் கையாலேயே நாற்காலியை நகர்த்திப் போட்டாள். “அவளை வரச் சொல்லு.”

மறுநாள் அவசரம் வந்து உட்கார்ந்தாள். முதலில் விளிம்பில், அப்புறம் சாய்ந்து. மணி நான்கைத் தாண்டியது. சத்தம் இல்லை. நீதிபதியின் மனைவி அவளைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிக்காரர் தான் பெட்டி மாட்டிய பதினான்கு வீடுகளுக்கும் போய், உண்மையைச் சொல்லிக் கணக்கை எடுத்தார். பன்னிரண்டாவது வீட்டுக்காரர் சிரித்தார்.

“அட, அது நீங்கதானா? ரெண்டு வருஷம் முன்னாடி தானா பாடும். அப்பாவைப் பார்த்துக்க ஒரு அம்மா இருந்தாங்க. அவங்கதான் என்னமோ பண்றாங்கன்னு அனுப்பிட்டோம். அப்புறமும் பாடிச்சு. ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டேன்.”

“அந்த அம்மா இப்ப எங்க?”

“யாருக்குத் தெரியும்?”

“பேராவது?”

வீட்டுக்காரர் உள்ளே திரும்பி மனைவியைக் கேட்டார். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

பேய் இல்லை என்பதில் ஒலிக்காரருக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர் வீட்டு ஹாலில் வயலின் இப்போது சரியாக ஒலிக்கிறது. மனைவி சத்தத்தை ஏற்றும்போது மட்டும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். தெருவில் பையோடு நடந்து போகும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.