பாகம் பிரியாத காது

முதலில் நான் கொல்லப் பார்த்தது ஒரு சில்வண்டை. ஏம்பலத்தில் எங்கள் வீட்டுக் கூரைக்குள் உட்கார்ந்துகொண்டு அது விடாமல் கத்தியது. உலக்கையை எடுத்துக் கூரையை இடித்தேன். ஆள் நுழையும் அளவுக்குப் பொத்தல் விழுந்தது.

"இன்னாத்துக்கு வூட்ட இடிக்கிறீங்க?" என்று வந்து நின்றாள் மனைவி.

"வண்டு கத்துது, உனக்குக் கேக்கல?"

"ஒண்ணும் கத்தல. நீங்கதான் கத்திக்கினு இருக்கீங்க."

கொல்லைக்குப் போனேன், வண்டும் கூடவே வந்தது. குளத்தில் முங்கினேன், தண்ணீருக்குள்ளும் கத்தியது. அப்போதுதான் வயதைக் கணக்குப் போட்டேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. எங்கள் வீட்டு ஆண்களுக்குக் காது கெடுகிற வயது.

தாத்தாவுக்கு அப்படித்தான் ஆனது. பிறகு பெரியப்பாவுக்கு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் செவிட்டு வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? பெரியப்பா கரும்பாலையில் மாடு ஓட்டினார். அப்பா உருளைகளுக்கு நடுவே கரும்பு கொடுத்தார். கை மாட்டினால் கொடுப்பவன் கத்த வேண்டும், ஓட்டுபவன் மாட்டை நிறுத்த வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். ஒருநாள் அப்பா கத்தினார். பெரியப்பா பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார். அப்பாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. வரப்புத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்துவிட்டான் அண்ணன் என்று, அப்பா இடது கையால் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்து அவர் தோளைப் பிளந்தார்.

அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை தடியால்தான். தன் காதும் போன பிறகே அப்பாவுக்கு விஷயம் விளங்கியது. பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். இருவருக்குமே கேட்காததால் அந்த மன்னிப்பை ஊரே கேட்டது. நிலத்தை மண்டையை உடைத்துப் பாகம் பிரித்தோம். காது மட்டும் அளக்காமலே ஆளுக்கொரு பங்கு வந்து சேர்ந்தது.

எங்கள் காலத்தில் மாடு ஓட்டியவன் நான். கரும்பு கொடுத்தவன் என் தம்பி. "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஆளை மாற்று" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றிக்கொண்டு, வெந்த பூனைபோல வீட்டைச் சுற்றி ஓடினேன். மாட்டுக் கழுத்து மணி கேட்கிறவரை என் காதுக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சட்டமும் போட்டுக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு காலை, மணி கேட்கவில்லை.

காது போய்விட்டது என்று நினைப்பேனா? மணியின் நாக்கை எவனோ பிடுங்கிவிட்டான் என்று நினைத்தேன். கொப்பரையில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவன் என் மனைவியின் தம்பி, விளையாட்டுக்காரன். மாட்டை அப்படியே விட்டுவிட்டு அவனிடம் போனேன்.

"மணி நாக்கப் புடுங்கினது நீதானேடா?"

அவன் சிரித்தான். சிரித்த வாயில் அறைந்தேன். அவன் அகப்பையால் என் நெற்றியில் போட்டான். கொதிக்கிற பாகு புருவத்தைத் தோலோடு எடுத்துக்கொண்டு போனது. இருவரும் சக்கையில் கட்டிப் புரண்டோம். கழுத்தைப் பிடித்து நெரித்தேன். அவன் எனக்குப் பின்னால் கை காட்டினான். கெஞ்சுகிறான் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

பின்னால், ஆளில்லாமலே மாடு ஆலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பியின் கழுத்துத் துண்டு உருளையில் மாட்டி அவனை உள்ளே இழுத்தது. "நிறுத்துண்ணா! ண்ணா!" என்று அவன் அலறியதைப் பிறகுதான் சொன்னார்கள்.

நிறுத்தியவர், இடி விழுந்தாலும் கேட்காத என் அப்பா. காது போனதிலிருந்து அவர் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டே இருப்பார். தம்பியின் வாய் பிளந்ததைப் பார்த்ததும் ஓடிவந்து, அந்த மொட்டைக் கையால் மாட்டின் மூக்கில் குத்தினார். மாடு நின்றது. தம்பியின் முகத்துக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

தம்பி துண்டை அறுத்துக்கொண்டு வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டான். அண்ணனை அவன் அடித்த முதல் அடி. பழக்கமில்லாதவன் அடித்ததுபோல இல்லை. மச்சான் தொண்டையைத் தடவியபடியே மணியைக் கழற்றி வந்து என் காதோரம் ஆட்டினான். நாக்கு ஆடுவதைக் கண்ணால் பார்த்தேன். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்த வண்டு மட்டும் கேட்டது.

"கேக்குதா மாமா?" என்று முகத்தருகே வந்து கத்தினான்.

"கேக்குது" என்றேன். அப்போதும்!

தம்பி மறு கன்னத்திலும் விட்டான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் துரை டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். உன் அப்பாவுக்கும் இப்படியா என்று தமிழ் தெரிந்த ஆளை என் காதில் கத்தவிட்டுக் கேட்டார். ஆமென்றேன். ரத்தத்தில் வருவது, மருந்தில்லை என்றார். வண்டைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் இல்லையாம்.

இப்போது மச்சான் மாடு ஓட்டுகிறான். தம்பி பாகு காய்ச்சுகிறான்; அவனுக்கும் நாற்பது நெருங்குகிறது. கரும்பு கொடுப்பவன் நான். என் நகக்குறி இன்னும் தொண்டையில் தெரிகிற ஒருவனிடம் என் பத்து விரலையும் ஒப்படைத்திருக்கிறேன். ஒவ்வொரு கரும்புக் கட்டுக்கும் முன்னால், "மச்சான், நான் கத்துறது கேக்குதாடா?" என்று கத்துகிறேன். ஆலைச் சத்தத்தில் அவன் பதில் என்னிடம் வந்து சேர்வதில்லை. திரும்பிப் பார்க்கலாமென்றால் உருளையிலிருந்து கண்ணை எடுக்கப் பயம்.

எதிரே அப்பா உட்கார்ந்திருக்கிறார். முதலில் என் வாயைப் பார்க்கிறார், பிறகு அவன் வாயைப் பார்க்கிறார். அவர் தலையாட்டினால்தான் கரும்பை உள்ளே விடுகிறேன்.