நல்ல நேரத்துக்கு உருண்ட சக்கரம்

கிரீஸ் நாற்றம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டில் எவனாவது சக்கரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போய்விடுவேன். ஐம்பதுகளில், போடிமெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிள்ளையை ஒன்பது மாதமாகச் சுமந்திருந்தபோது பிடித்த அருவருப்பு அது.

என் வீட்டுக்காரர் அங்கே கணக்கப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் ஓட்டைக் காரை வாங்கி வைத்திருந்தார். வீட்டில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை. பிரசவத்துக்குக் கூட்டிப்போகப் போடியிலிருந்து என் அம்மா வந்திருந்தாள். அவள் முன்னால் பவுசு காட்ட, காரில்தான் மலையிறக்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

புறப்படும் நாள் காலையில் பார்த்தால், பின்சக்கர போல்ட்டுகளில் மூன்றுக்கு மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இத்தனை நாளும் மரையில் துணியைச் சுற்றி நட்டை முறுக்கி ஓட்டியிருக்கிறார். எஸ்டேட் பேக்டரியில் மிஷின் பார்க்கும் பிட்டர் புது போல்ட்டுகளைக் கடைந்து எடுத்துவந்தார். வாசலில் காரைக் கல்மேல் தூக்கி வைத்து பிரேக் டிரம்மை உருவினார்கள். உள்ளே கறுப்புக் கூழ். அதில் கரப்பான் பூச்சிகள் வேறு ஒட்டிச் செத்துக் கிடந்தன. அதைக் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு என் வீட்டுக்காரர் தூக்கி வந்தது என் குழம்புச் சட்டியை. வேலியோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

"மாசமா இருந்தா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு அதே சட்டியில் கையை விட்டு அலசினார்.

பழைய போல்ட்டின் பின்முனையை டிரம்மோடு சேர்த்து அடித்துப் பரப்பியிருப்பார்கள். அதை அரத்தால் ராவி எடுத்த பிறகுதான் தட்டி வெளியேற்ற வேண்டும். பிட்டர் அரம் எடுக்கத் திரும்பிய நேரத்தில், மணியாகிறது என்று இவரே சுத்தியலால் நாலு போடு போட்டார். போல்ட்டுகள் வந்துவிட்டன. துவாரங்களும் அகன்றுவிட்டன. புதியதை மாட்டி நட்டை முறுக்கினால் போல்ட்டும் கூடவே சுற்றியது.

"இது பிடிக்காதுங்கய்யா. டிரம்ம பேக்டரிக்குக் கொண்டுபோயி வேற ஓட்டை போடணும். இன்னைக்கு முடியாது," என்றார் பிட்டர்.

மாமியார் விடவில்லை. "நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. அதத் தாண்டுனா பத்தாம் மாசம் பொறந்துரும். ராகுகாலத்துக்கு முன்ன அவ படி எறங்கியாகணும்."

உடனே இவர் என் பவுடர் டப்பாவைக் கத்தரித்தார். அந்தத் தகரத்தைச் சுருட்டி துவாரங்களில் செருகி, போல்ட்டை அடித்து இறக்கி, சக்கரத்தை மாட்டினார். "வாசலத் தாண்டி உருட்டுனாப் போதும். புறப்பட்ட கணக்காயிரும். அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்."

என்னைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். சூடம் காட்டினார்கள். ஆண்கள் இருவரும் தள்ள, கார் வாசலைத் தாண்டி ரோட்டோரம் நின்றது. நல்ல நேரம் காப்பாற்றப்பட்டது.

உருண்டதைப் பார்த்ததும் இவருக்கு ஆசை வந்துவிட்டது. "நல்லாத்தான உருளுது. மெதுவாப் போனா நிக்கும். போயிருவோம்," என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பிட்டர் யாரையும் பார்க்காமல் சாமான்களைப் பையில் போட்டார். சம்பந்தி வீடாயிற்றே என்று அம்மாவும் பையோடு காரில் ஏற வந்தாள். மாமியார் சக்கரத்துக்குத் திருநீறு பூசினாள். கீழே அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றுப் பிள்ளையும் நானும் ஒரு பவுடர் டப்பாத் தகரத்தை நம்பி இறங்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்தக் கறுப்புக் கைகளைப் பார்த்தேன். இந்தக் கையா எனக்குத் தாலி கட்டியது என்று கூசியது. கதவைத் திறந்து இறங்கினேன்.

"ஏட்டி, புறப்பட்டுட்டுத் திரும்ப உள்ள போகக் கூடாது," என்றாள் மாமியார்.

"உள்ள போகலத்த. அதான் நல்ல நேரத்துல புறப்பட்டாச்சே. இனி எதுல போனா என்ன. அம்மா, பைய எடு."

அவளுடைய சாஸ்திரமே எனக்குக் கைகொடுத்தது. நானும் அம்மாவும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். இவர் கூட வரவில்லை. காரோடு நின்றுகொண்டார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். ஆனாலும் மனசு நிம்மதியாக இருந்தது.

மகன் பிறந்த சேதி கேட்டுப் போடிக்கு வந்தார். தூக்கக் கை நீட்டினார். நகத்துக்குள் கறுப்பு அப்படியே இருந்தது.

"கழுவிட்டு வாங்க," என்றேன்.

முற்றத்தில் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மா, மரியாதைக்கு, "கார்லயா வந்தீங்க மாப்ள?" என்று கேட்டாள்.

"இல்லத்த, பஸ்லதான். அத நம்பி அந்த வளைவுகள்ல வர முடியுமா?" என்று அவர் சொன்னது உள்ளே எனக்கும் கேட்டது.

திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டார். பால் குடிக்கிறான் என்றேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.